தடித்த எழுத்தில் வராத எண்

மக்கா,

நேற்று மத்தியானம் நீ போனை வைத்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். துணி காயப்போட மாடிக்குப் போனவள் வாளியை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்தேன். உன் அப்பா, "என்னட்டி, வீட்டுக்குள்ளயே இந்த நட நடக்க?" என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். இன்று காலையில் லேப்டாப்பைத் திறந்து நான்கு தடவை எழுதி அழித்தேன். இது ஐந்தாவது தடவை. இதை அழிக்க மாட்டேன்.

நீ சொன்னது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "வர்ற திங்கக்கிழம மொத ஆஸ்பத்திரிக்கு எங்க சாஃப்ட்வேர் போகுதும்மா" என்றாய். எந்தப் படுக்கைக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று வார்டில் நர்ஸ் பார்க்கிற திரை. கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அதற்குப் பிறகுதான், "அடுத்தவங்க எழுதுன லைப்ரரி எத்தன வச்சிருக்கிய?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அத யாரும்மா எண்ணுனா? ஒண்ண எடுத்தா மிச்சமெல்லாம் தானா வந்து சேருது. டூல் பாத்துக்கிடும்." அதன் பிறகு நீ சொன்ன எதுவும் என் காதில் சரியாக விழவில்லை.

எட்டு வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்லுகிறேன். உன்னோடு சேர்ந்து தொழில் தொடங்கியிருக்கிற மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் இதைப் படிக்கக் கொடு. அவர்கள் அம்மாக்கள் யாரும் சாஃப்ட்வேர் எழுதியிருக்க மாட்டார்கள். நான் எழுதியிருக்கிறேன். எழுதி ஒரு குடும்பத்தையே கெடுத்துவிட இருந்தேன்.

நீ கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் அது. நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, நம் முன்னறையில் மேசை போட்டு, ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு ரிப்போர்ட் அச்சிடுகிற சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவிலிலும் திருவேங்கடத்திலும் சுற்றுப்பட்டிலுமாக அப்போது பதினொரு லேபுகள் அதைப் பயன்படுத்தின. முதன்முதலில் என்னை நம்பி வாங்கியவர் செல்லத்துரை அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவர் லேபுக்கு நீயும் என்னோடு வந்திருக்கிறாய். ரிப்போர்ட்டில் இருக்க வேண்டிய அளவுக்குக் கூடியோ குறைந்தோ போன எண் மட்டும் கறுப்பாகத் தடித்த எழுத்தில் வரும்படி வைத்திருந்தேன். அண்ணாச்சி அதையே லேபின் நடைமுறையாக ஆக்கிக்கொண்டார். கவுன்டரில் இருக்கிற பெண் தடித்த எழுத்து உள்ள தாள்களைத் தனியாக எடுத்து உடனே டாக்டருக்குப் போன் செய்துவிடுவாள். மற்றவை தட்டில் கிடக்கும், வீட்டுக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். அவர்களிடமும், "கறுப்பா தடிச்சு இருந்தா அன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிருங்க" என்று சொல்லிச் சொல்லி ஊருக்கே அது பழகிவிட்டது. ஊர் இப்படிப் பழகிக்கொண்டதை நான் பெருமையாக நினைத்தேனே ஒழிய, அதற்காகப் பயப்பட வேண்டும் என்று தோன்றவில்லை.

தாளில் கட்டம் போட்டு அச்சிடுகிற வேலையை நான் எழுதவில்லை. யாரோ எங்கோ நிரலாக எழுதி, எவரும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வைத்திருந்த லைப்ரரி அது. எடுத்துப் போட்டேன், நன்றாக வேலை செய்தது. எந்த வெர்ஷன் என்று குறித்து வைக்கவில்லை. இருப்பதில் புதியதைக் கொடு என்று எழுதி வைத்திருந்தேன், அவ்வளவுதான். புதியது என்றால் நல்லது என்று நம்புகிற வயது இல்லை எனக்கு. சோம்பல்.

மழை விட்டுக் காய்ச்சல் பரவியிருந்த நேரம். என் பழைய லேப்டாப் ஒரு நாள் உயிரை விட்டது. புதிதாக ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி இறக்கி, அண்ணாச்சி கேட்டபடி ரிப்போர்ட்டின் தலைப்பில் டாக்டர் பெயரைத் திருத்தி, ஒரு மாதிரித் தாள் அச்சிட்டுப் பார்த்தேன். அது என்னுடைய ரத்தப் பரிசோதனை. எல்லாம் அளவுக்குள் இருந்தது. தாள் பளிச்சென்று வந்தது. அன்று சாயங்காலமே பதினொரு லேபுக்கும் அப்டேட்டை அனுப்பினேன்.

மூன்றாவது நாள் அண்ணாச்சி போன் செய்தார். "டீச்சரம்மா, ரிப்போர்ட் எல்லாம் ஒரே மாரி வெளுத்துப் போய் வருதே?" நான் அப்போது காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். "டோனர் தீந்திருக்கும் அண்ணாச்சி. பிரின்டரப் பாருங்க" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயைப் பொறுக்கினேன். அவர் டோனரை மாற்றியிருக்கிறார். என் சொல்லை நம்பி, அதற்குமேல் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் இரண்டு தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தறிக்காரப் பய முருகன் பொண்டாட்டிய திருநெவேலிக்குக் கொண்டு போயிட்டாவ. ஈறுல ரத்தம் நிக்கலயாம். முந்தா நாள் நம்ம லேபுலதான் பாத்திருக்கு. இதப் பாருங்க." பார்த்தேன். கோமதி என்று பெயர். தட்டணுக்கள் முப்பத்தெட்டாயிரம். பக்கத்திலேயே, ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது என்ற அளவு. எண் சரி. ஆனால் மற்ற எண்களைப் போலவே மெலிந்த எழுத்தில் இருந்தது. தடித்து வரவில்லை. அதனால் கவுன்டர் பெண் டாக்டருக்குப் போன் செய்யவில்லை. தாளை வாங்கிய முருகனும் கறுப்பு இல்லை என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. நான் தேர்ந்தெடுத்த லைப்ரரி மாறவே இல்லை. அது தனக்காக உள்ளே இழுத்துக்கொண்ட இன்னொரு லைப்ரரி மாறியிருந்தது. அதன் பெயரைக்கூட அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. தடித்த எழுத்து வேண்டும் என்று சொல்ல ஒரு சொல் உண்டு. புது வெர்ஷனில் அந்தச் சொல்லை மாற்றிவிட்டார்கள். பழைய சொல்லைப் பார்த்ததும் பிழை என்று நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். அது நிற்கவில்லை. தெரியாத சொல் என்று பேசாமல் தாண்டிப் போய்விட்டது.

பழையதைத் திரும்பப் போட்டு எல்லா லேபுக்கும் அனுப்பினேன். அந்த நான்கு நாள் ரிப்போர்ட்டுகளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், அளவு மீறியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று பதினொரு இடத்துக்கும் போன் செய்தேன். அதைச் செய்தேன் என்பதை மட்டும் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம். வேறு யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகவில்லை. ஆனால் ஏன் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, "பிரின்ட்ல சின்ன பிரச்சன" என்றேன். அண்ணாச்சிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். பிறகு, "நம்பர் சரியாத்தான இருக்கு டீச்சரம்மா. நாம பொய்யா ஒண்ணும் அடிக்கலயே. வாயத் தொறக்க வேண்டாம், ரெண்டு பேருக்கும் பொழப்பு போயிரும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் கேட்டதால் ஆட்டினேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்காவிட்டாலும் ஆட்டியிருப்பேன்.

கோமதி பிழைத்துக்கொண்டாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, உடம்பு தேற அண்ணன் மாடசாமி வீட்டுக்கு, பனவடலிசத்திரத்துக்குப் போனாள். இந்தச் செய்தி வந்த அன்று முழங்காலில் நின்று அழுதேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். உனக்குப் போன் செய்தபோது, "ஒரு லேபுல கொஞ்சம் தகராறு, சரியாயிட்டு" என்றேன். நீ ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாய்.

அந்தத் தப்பு நடந்து மூன்று வாரம் கழித்து வேறு வேலையாக அண்ணாச்சி லேபுக்குப் போனேன். கவுன்டரில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். சட்டையில் பஞ்சுத் தூசி. கையில் ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு, "யக்கா, இது அந்தத் தாளு இல்லக்கா. நான் வாங்கிட்டுப் போனதுல கறுப்பு இல்ல. சத்தியமா இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கவுன்டர் பெண், "அதே ரிப்போர்ட்டுதான்யா, கம்ப்யூட்டர்ல இருக்கதத்தான் எடுத்துக் குடுத்திருக்கு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. முருகன் முதலில் வாங்கிப் போன தாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக் கோப்போடு போய்விட்டது. கறுப்பு இல்லை என்று மச்சினனுக்குக் காட்டுவதற்காக இன்னொரு பிரதி கேட்டிருக்கிறான். நான் திருத்திய சாஃப்ட்வேர், முப்பத்தெட்டாயிரத்தைக் கன்னங்கரேலென்று தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது.

புரிகிறதா மக்கா? நான் சத்தமில்லாமல் சரிசெய்தேனே, அது அவன் பக்கம் இருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டது. பொண்டாட்டி சாகக் கிடக்கும்போது கறுப்பாக எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தறிக்குப் போனவன் என்று அவள் வீட்டில் எல்லோரும் அவனைப் பேசியிருக்கிறார்கள். மாடசாமி அவனை வாசலோடு அனுப்பியிருக்கிறான். முருகன் அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். பிறகு தள்ளி வைத்துப் பார்த்தான். "எனக்குத்தான் கண்ணு மங்கிட்டோ" என்று முணுமுணுத்தான். அண்ணாச்சி உள்ளறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு, வந்த வேலையைச் சொல்லாமலே படியிறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிழைகளிலெல்லாம் பெரிய பிழை எது என்று கேட்டால் அந்தப் படியிறங்கியதைத்தான் சொல்வேன். வெர்ஷன் எழுதி வைக்காதது கவனக்குறைவு. டோனர் என்றது அலட்சியம். இது அப்படியில்லை. தெரிந்தே செய்தது.

இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தேன், இப்போது நடக்கிறேனே, இதே மாதிரி. மூன்றாவது நாள் உன் அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவர் திரும்பி வந்து பையை இறக்கி வைத்தார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அண்ணாச்சி அவரிடம் சொல்லியிருக்கிறார். "அந்தப் பையன் வீட்டப் போயி சொல்லிரு. நானும் வாரேன்" என்றார். "நீங்க வரவேண்டாம்" என்றேன். தனியாகப் போனேன்.

முருகன் வீடு தறிக்கூடங்கள் இருக்கிற தெருவில். பேசினால் கேட்காத சத்தம். அவன் வெளியே வந்து, "டீச்சரா? வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவனோடு எனக்குப் பழக்கமில்லை, ஆனால் அவன் தம்பி என்னிடம் படித்திருக்கிறான். நான் நின்றுகொண்டே சொன்னேன். லைப்ரரி, வெர்ஷன் என்றெல்லாம் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, "நீ வாங்குன தாள்ல கறுப்பு இல்லதான்யா. நான் செஞ்ச தப்பு. நான் எழுதுன சாஃப்ட்வேருல வந்த தப்பு. பெறவு யாருக்கும் தெரியாம நான் சரி பண்ணிட்டேன். அதான் ரெண்டாவது தாள்ல கறுப்பு வந்திருக்கு" என்றேன்.

திட்டுவான் என்று நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்கு" என்றான். பிறகு நிமிர்ந்தான். "எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் டீச்சர். முப்பத்தெட்டாயிரம்னு வாசிச்சேன். அது கூடுதலா கொறச்சலான்னுதான் தெரியல. கறுப்பு இல்லயேன்னு நெனச்சேன்." வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இத எம் மச்சினங்கிட்ட வந்து சொல்லுவியளா?" என்று கேட்டான்.

அவன் வண்டியில் முன்னே போக, நான் என் ஸ்கூட்டரில் பின்னே போனேன். கரிசல் காட்டு நடுவே அந்த ரோட்டில் திரும்பிவிடலாமா என்று மூன்று இடத்தில் நினைத்தேன். மாடசாமி வீட்டு முற்றத்தில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. முருகனைக் கண்டதும் அவன், "ஏலே, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வார?" என்று எழுந்தான். "நான் பேசணும்" என்று நடுவில் போய் நின்றேன். இந்தத் தடவை குழப்பாமல் சொன்னேன். மாடசாமி கத்தினான். அது நியாயம். "படிச்சவியதான நீங்க? மூணு வாரமா வாயில என்ன வச்சிருந்திய?" என்று கேட்டான்.

சத்தம் கேட்டுக் கோமதி வெளியே வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு மெலிந்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. முருகனைத்தான் பார்த்தாள். "கறுப்பு இல்லன்னு அவிய எங்கிட்டயும் சொன்னாவ. நானே நம்பலயே" என்றாள். முருகன் உளுந்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றான். நான் வண்டியை எடுத்தேன். பத்து நாள் கழித்து அவள் தன் வீட்டுக்குத் திரும்பினாள் என்று கேள்விப்பட்டேன். என்னை மன்னித்தார்களா என்று தெரியாது. கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கவில்லை.

மறுநாள் பதினொரு லேபுக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன். மூன்று பேர் என்னை விட்டுப் போனார்கள். அண்ணாச்சி ஐந்தாறு மாதம் பேசவில்லை. ஆனால் சாஃப்ட்வேரை மாற்றவும் இல்லை. அந்த உள் லைப்ரரியை எழுதியவர் ஏதோ வெளிநாட்டுக்காரர். அவருக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. சொல்லை மாற்றியதை வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருக்கிறேன் என்று இடத்தைக் காட்டினார். போய்ப் பார்த்தேன், நடுவில் ஒரே ஒரு வரி, இருந்தது. வேலை முடிந்து வந்து வீட்டில் உட்கார்ந்து தனியாளாக எழுதுகிறவர். தன்னுடையது ரத்தப் பரிசோதனைத் தாளுக்குள் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாத சொல் வந்தால் இனிமேல் பிழை சொல்லி நிற்கும்படி மாற்றுகிறேன் என்று எழுதி, கடைசியில், அந்தப் பெண் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தார். என் கோபம் அதோடு போயிற்று. அவர் யாருக்கும் எதையும் விற்கவில்லை. விற்றவள் நான். என்னிடமிருந்து வாங்குகிறவருக்கு நான்தான் பொறுப்பு. உள்ளே யார் எழுதியது இருந்தாலும்.

அன்றே பட்டியல் எடுத்தேன். நான் தெரிந்து எடுத்தவை ஒன்பது. அவை இழுத்து வந்தவை நூற்றுக்குமேல். ஒவ்வொன்றின் பெயரையும் வெர்ஷனையும் எழுதி, என் டிஸ்கிலேயே பிரதி எடுத்து வைத்து, என் கை படாமல் ஒன்றும் மாறாதபடி பூட்டினேன். எடுத்துக்கொள்ளும்போது இன்ன நிபந்தனை என்று அவர்கள் எழுதியிருப்பதையும் அப்போதுதான் முதல்தடவையாகப் படித்தேன். அனுப்பும்போது எங்கள் பெயரையும் சேர்த்து அனுப்பு என்று பாதிப்பேர் கேட்டிருந்தார்கள், நான் செய்ததே இல்லை. மாதிரித் தாளுக்கு என் ரத்தம் போதாது என்று நாற்பது நோயாளிகளைக் கற்பனையில் உண்டாக்கினேன். எல்லா எண்ணும் தாறுமாறாக இருக்கிறவர், பிறந்து ஒரு நாள் ஆன குழந்தை, பெயரே இரண்டு வரிக்கு நீளுகிறவர். ஒவ்வொரு தடவை அனுப்பும் முன்பும் பழைய தாளையும் புதிய தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன்.

அதிலும் ஒரு தப்புச் செய்தேன். அது உனக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. நான்கு வருடம் எதையும் தொடவில்லை. படிப்பு முடிந்து நீ வீட்டுக்கு வந்திருந்தாய் அல்லவா, அப்போது என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, எல்லாம் அரதப் பழசா இருக்கு? இந்த ஒண்ணுல ஓட்ட இருக்குன்னு உலகத்துக்கே தெரியும். வெளிய இருந்து எவன் வேணாலும் நோயாளிக ரிப்போர்ட்ட எடுக்கலாம்" என்றாய். நான் வெடித்தேன். "வேல செய்யுதுல்லா? கைய வைக்காதலே!" மேசையில் நான் அடித்த அடியில் டம்ளர் உருண்டது. நீ முகம் சுண்டிப்போய் எழுந்து போனாய். மறுநாள் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாய். நீ சொன்னது முழுக்கச் சரி. நீ போன பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ரிப்போர்ட்டை நோயாளியின் போனுக்கு அனுப்புகிற லைப்ரரி அது. யாரும் எதையும் எடுக்கவில்லை, எனக்குத் தெரிந்தவரை. இந்த "தெரிந்தவரை"க்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை என்பதே எவ்வளவு கேவலம்.

உன் மேல் கத்தவில்லை மக்கா, பயத்தில் கத்தினேன். மாற்றினாலும் ஆபத்து, மாற்றாவிட்டாலும் ஆபத்து என்று அன்று விளங்கியது. அதிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை பட்டியலோடு உட்காருகிறேன். எதில் ஓட்டை என்று செய்தி வந்திருக்கிறது, எதை எழுதியவர் கைவிட்டுவிட்டார், எதை நான் எடுத்தெறிந்துவிட்டு இருபது வரியில் நானே எழுதலாம் என்று பார்ப்பேன். மாற்றுவதானால் ஒன்றை மட்டும் மாற்றுவேன். குறிப்பைக் கடைசி வரி வரை படிப்பேன். முதலில் அண்ணாச்சி லேபுக்கு மட்டும் அனுப்பி நான்கு நாள் பொறுப்பேன். அவருக்கும் தெரியும், "இன்னைக்கு என்னத்த மாத்துனிய?" என்று அவரே கேட்பார்.

நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இப்போது கேட்டால் எந்திரமே நிரல் எழுதித் தருகிறது, எந்த லைப்ரரியை எடுக்கலாம் என்றும் சொல்லுகிறது. எனக்கும்தான் ஒரு பெயரைச் சொன்னது, தேடிப் போனால் அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. அவ்வளவு உறுதியாகச் சொல்லப்பட்ட பெயரில் நாளைக்கு எவனோ ஒருவன் திருட்டு நிரல் எதையாவது வைத்துவிட்டு, யார் எடுப்பார்கள் என்று காத்திருக்கவும் கூடும். டூல் பார்த்துக்கொள்ளும் என்றாய். பார்க்கும். ஓட்டை இருந்தால் சொல்லும், பழசானால் சொல்லும். ஒரு வார்டில் நர்ஸ் எதை நம்பிக் கண்ணை ஓட்டுகிறாள் என்று அதற்குத் தெரியாது. சிவப்பாக இருந்தால்தான் அவசரம் என்று அவள் பழகியிருப்பாள். முந்நூறு படுக்கைக்கு நடுவே அப்படித்தான் பழக முடியும். உங்கள் பட்டியலில் இருக்கிற எவரோ ஒருவர் ஒரு சொல்லை மாற்றினால் அந்தச் சிவப்பு வராமல் போகுமா? உனக்குத் தெரியாது. நேற்று நீ சிரித்த சிரிப்பில் அது எனக்குத் தெரிந்துவிட்டது.

அனுப்பாதே என்று சொல்லவில்லை. பயந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான்தான் பார்த்தேனே. பட்டியலை எடு, பூட்டு, பூட்டிய பிறகும் பார்த்துக்கொண்டே இரு. தப்பு வந்தால் சரிசெய்யும் முன் வாயைத் திற. இவ்வளவும் எழுதிவிட்டேன், மனசு அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை எழுந்து போய் ரயில் நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

அதனால் நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை வண்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. உன் அப்பாதான் எடுத்துக் கொடுத்தார், ஏன் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் உன் ஆபீஸுக்கு வந்துவிடுவேன். உன் சிநேகிதர்கள் சிரிக்கட்டும், பரவாயில்லை. உங்கள் நிரலில் ஒரு வரிகூட எனக்குக் காட்ட வேண்டாம். நர்ஸ் உட்காருகிற மாதிரி ஒரு நாற்காலியைத் திரைக்கு முன்னால் போட்டு என்னை உட்கார வை. எனக்குத் தெரியாமல், உள்ளே ஏதாவது ஒன்றைக் கெடுத்து வை. திரையில் ஏதோ ஒன்று வராமல் போயிருக்கிறது என்று நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்ப்போம். நான் கண்டுபிடிக்காவிட்டால் திங்கட்கிழமை அனுப்பாதே.

அம்மா